அந்த ஆள் இறங்கினாரா?

அப்பாவின் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றிச் சுருட்டி மேசைமேல் வைத்த பிறகுதான், மிஷினை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை என்பது ஜெராக்ஸுக்கு உறைத்தது. அப்பா போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் ஜன்னலோரம் நின்ற அந்த ஆக்சிஜன் மிஷின், கடமை தவறாமல், புஸ்ஸ் டப், புஸ்ஸ் டப் என்று அறைக் காற்றை இழுத்துச் சலித்துக் குழாய்க்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. குமிழ் இரண்டில் நின்றது. இரண்டு லிட்டருக்கு மேல் யாராவது திருப்பினால் உதை விழும் என்கிற தொனியில் டாக்டர் சொல்லியிருந்ததால், கடைசி வரைக்கும் யாரும் அதில் கை வைக்கவில்லை.

அவள் பொத்தானை அமுக்கினாள். இரண்டு வருஷமாக வீட்டில் இல்லாத அமைதி. அடுப்படியில் குழாய் சொட்டுவது கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பதுகூடக் கேட்டது.

இப்போது அழுகை வரும் என்று கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள். எரிச்சல்தான் வந்தது. ‘நல்ல ஆளுப்பா நீ. கதையை நடுவுல விட்டுட்டுப் போயிட்டியே!’

ஜெராக்ஸ் என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. கடைத்தெருவில் நகல் எடுத்து, புத்தகம் பைண்டிங் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள். கடை திறந்த அன்றே அப்பா அந்தப் பெயரை வைத்துவிட்டார். மனிதர்களுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் போதாது என்பது அவர் கட்சி. அண்ணன் எட்டு வயதிலேயே கடையில் வண்டியைத் தூக்கும் ஜாக்கியை இழுத்து வந்து போடுவான் என்பதால் அவன் ஜாக்கி. வீட்டை ஆட்டிப் படைக்கும் அம்மா, மேனேஜர். அப்பாவையோ ஊரே பஞ்சர்க்காரர் என்றுதான் கூப்பிட்டது. நாற்பத்தைந்து வருஷம் டயர் கடை வைத்திருந்தவர். பஞ்சரே ஆகாத வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் பேச்சைக் கேட்க வந்தவர்கள் உண்டு. டயரைக் கழற்றத் தொடங்கும்போது ஒரு கதையை ஆரம்பித்தால், கடைசி நட்டை முறுக்கும்போது சரியாக முடிப்பார். கதை நீளம் என்றால் நட்டை மெதுவாக முறுக்குவார்.

அப்படிப்பட்ட வாய்க்குத்தான் பூட்டு விழுந்தது.

முதல் தடவை மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்துபோய், கோடிக்கணக்கான குட்டிக் காற்றறைகளில் முடிகிறது. ஒவ்வொரு அறைக்கும் தோலைவிட மெல்லிய சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தம் ஓடுகிறது. நாம் இழுக்கும் ஆக்சிஜன் அந்தச் சுவர் வழியாகத்தான் ரத்தத்துக்குள் போகிறது. ரத்தம் சுமந்துவந்த கரியமில வாயு அதே சுவர் வழியாகத்தான் வெளியே வருகிறது. கொடுக்கல் வாங்கல் மொத்தமும் சுவரில். அப்பா நாற்பது வருஷம் ஊதித் தள்ளிய சிகரெட்டும், ஒட்டுப் போடும்போது எழுந்த ரப்பர் புகையும் சேர்ந்து அந்தச் சுவர்களைத் தின்றுவிட்டன.

“பத்து சின்ன ரூம் இருந்த எடத்துல இப்ப ஒரே பெரிய ரூம்” என்றார் டாக்டர். “எடம் இருக்கு. சுவர் இல்ல.”

அப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அதாவது டாக்டர், நூறு கடை இருந்த பஜாரை இடிச்சிட்டு ஒரு குடோன் கட்டி வெச்சிருக்கேன். எடம் தாராளம். யாவாரம் இல்ல.”

டாக்டர் பேனாவை மூடினார். “இதையே நான் அடுத்த பேஷண்ட்டுக்கும் சொல்லிக்கிறேன், தப்பா நெனக்காதீங்க.”

“தாராளமா.”

“இன்னொண்ணு. நுரையீரலுக்கு ரப்பர் மாதிரி ஒரு இழுவை உண்டு. விரிஞ்சது தானா சுருங்கணும். உங்களுக்கு அது தளர்ந்துபோச்சு. பழைய காத்து உள்ளேயே தங்கிடுது. அது வெளிய போனாத்தானே புதுசுக்கு எடம்?”

“பழைய ட்யூபு” என்றார் அப்பா உடனே. அந்த நோயைப் பற்றி அதற்குமேல் அவருக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூக்கால் இரண்டு எண்ணி இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணி மெதுவாக ஊதி விடும் பயிற்சி கொடுத்தார்கள். “வாழ்நாள் பூரா காத்து அடிச்சேன். வயசான காலத்துல காத்தைப் புடுங்குற வேலை குடுத்துட்டாங்க” என்று அதையும் ஒரு கதையாக்கி, தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்திச் சொன்னார்.

போகப் போகக் கதைகள் சுருங்கின. ஒரு மூச்சுக்கு ஆறு வார்த்தை என்றாயிற்று. பிறகு நான்கு. முழங்கையை மேசையில் ஊன்றி, முன்னால் சாய்ந்து, வார்த்தையைத் தேர்ந்தெடுத்துப் பேசுவார். அதிலும் ஒரு வார்த்தை வசவுக்குப் போய்விடும்.

மூன்று நாளைக்கு முன்னால் காலையில், கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“ஜெராக்ஸ்... ஒரு புதுக் கதை.”

“உங்கிட்ட ஏதுப்பா புதுசு? எல்லாம் எனக்கு மனப்பாடம்.”

“இது... மேனேஜர் தடை... போட்ட கதை.” இரண்டு எண்ணி இழுத்தார், நான்கு எண்ணி விட்டார். “நாப்பத்தொரு வருஷ தடை.”

அடுப்படியில் ஒரு பாத்திரம் ஓங்கி வைக்கப்பட்டது. “சொல்லித் தொலைங்க” என்று அம்மாவின் குரல் வந்தது. “மூச்சு இருக்கிற வரைக்கும் சொல்லிட்டுப் போங்க. நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல.”

அன்றைக்கு அப்பாவின் மூச்சுக்கு இவ்வளவுதான் கிடைத்தது: உச்சி வெயில், கடை முன்னால் ஒரு வேன் வந்து நிற்கிறது, பின் டயர் சப்பை. மறுநாள் கிடைத்த துண்டில், வேனின் ஜன்னல்களில் திரை போட்டிருந்தது, டிரைவர் பரபரக்கிறான். மூன்றாம் நாள் கொஞ்சம் தாராளம்.

“எல்லாரும் எறங்குங்க... ஜாக்கி போடணும்னேன். ஆறு பேர்... எறங்குனாங்க. ஒருத்தர்... எறங்கல.”

“ஏன் எறங்கல?”

அப்பா உதட்டைக் குவித்து ஊதினார். கண் மட்டும் சிரித்தது. உள்ளங்கையைக் காட்டினார். நாளைக்கு.

அந்த நாளைக்குத்தான் இன்று. காலையில் முகம் கழுவி, மேசைமேல் தலையணையை வைத்து அதில் சாய்ந்தவர், அம்மா டீ கொண்டுவருவதற்குள் போய்விட்டார். சிரமப்படவில்லை. அதுவரைக்கும் சந்தோஷம்தான். ஆனால் கடைசிப் பக்கம் இல்லாத புத்தகத்தைப் பைண்டிங் செய்ய மாட்டேன் என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிறவள் அவள். அவளைப் போய் இப்படிச் செய்துவிட்டாரே.

அம்மாவிடம் போனாள். அம்மா அப்பாவின் சட்டைகளில் நல்லதாக ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம்.

“அம்மா, அந்த வேன்ல ஒருத்தர் எறங்கலியே. அவரு அப்புறம் எறங்குனாரா?”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “கேக்குற நேரமா இது?”

“உனக்குத் தெரியும்ல?”

“தடையை அவருக்குத்தான் எடுத்தேன். எனக்கு எடுக்கல. யார்கிட்ட சொன்னாரோ அவங்ககிட்ட போய்க் கேளு.” அம்மா சட்டையை உதறினாள். உதட்டின் ஓரம் ஒரு கணம் துடித்ததைப் போலிருந்தது. அது அழுகையின் மிச்சமா வேறு எதுவுமா என்று ஜெராக்ஸுக்குப் புரியவில்லை.

பத்து மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. ஜாக்கி எட்டு மணிக்கே வந்திருந்தான். இரண்டு தெரு தள்ளி, டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறான். இரண்டு வருஷமாக அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்து போவான். அவளும் அவன் வரும் நேரம் தெரிந்து வெளியே போவாள். இன்றைக்குத் தப்பிக்க வழியில்லை. அவன் முன்வாசலில் நாற்காலி போட்டால் அவள் பின்கட்டுக்குப் போனாள். அவன் பின்கட்டுக்கு வந்தால் அவளுக்கு அடுப்படியில் வேலை வந்தது. நடுவில் மாட்டிக்கொண்டவள் அத்தை, அப்பாவின் தங்கை.

“அத்தை, எத்தன நாற்காலி வேணும்னு கேளுங்க” என்றான் ஜாக்கி. ஜெராக்ஸ் அவனிடமிருந்து நான்கடி தூரத்தில் நின்றிருந்தாள்.

“எத்தன நாற்காலி வேணுமாம்” என்றாள் அத்தை.

“இருபது போதும்னு சொல்லுங்க அத்தை.”

“இருபது போதுமாம்.”

“வண்டி நாலு மணிக்கு வருதுன்னு சொல்லுங்க.”

“வண்டி நாலு...” அத்தை நிறுத்தினாள். “ஏன்டா, ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? என் அண்ணன் பொணமா கெடக்குறான், நான் இங்க போஸ்ட்டாபீஸ் நடத்திட்டு இருக்கேன்!”

இருவரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

நடந்தது இதுதான். ஆக்சிஜன் மிஷின் வீட்டுக்கு வந்து மூன்றாவது நாள். ஜெராக்ஸ் கடையிலிருந்து சீக்கிரம் திரும்பி வந்தவள், நேராகப் பின்கட்டுக்குப் போனாள். அப்பா படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். மூக்கில் குழாய். உதட்டில் சிகரெட். ஜாக்கி தீக்குச்சியைக் கிழித்துக் கைகளுக்குள் பொத்தி நீட்டுகிறான். மிஷினின் மேல் பெரிய எழுத்தில், நெருப்புப் படத்தைக் குறுக்கே அடித்து ஒட்டியிருக்கிறது. ஆக்சிஜன் ஓடும் இடத்தில் ஒரு பொறி போதும் என்று கம்பெனிக்காரர் அத்தனை பேருக்கும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவள் பாய்ந்து தட்டிவிட்டாள். தீக்குச்சி தரையில் விழுந்து அணைந்தது. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது.

“கொலைகாரா.”

அப்பா கெஞ்சினார் என்றோ, ஒன்றே ஒன்று கேட்டார் என்றோ ஜாக்கி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அன்றைக்கு அவள் சொன்னதில் பாதி நியாயம். மீதிப் பாதிக்கு என்ன செய்வது என்று இரண்டு வருஷமாக அவளுக்குத் தெரியவில்லை. வார்த்தையைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் பேச வேண்டும். பேச வேண்டுமென்றால் அந்த வார்த்தையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்பா இருக்கும்வரை, அப்பா நடுவில் இருக்கிறார் என்கிற தைரியம் இருந்தது. இன்றோடு அதுவும் இல்லை. நான்கு மணிக்குப் பிறகு ஜாக்கிக்கு இந்த வீட்டுக்கு வரக் காரணமே இருக்காது.

பன்னிரண்டு மணிக்குச் சிலிண்டர்க்காரர் வந்தார். கரண்ட் போனால் மிஷின் நின்றுவிடும் என்பதால் ஆபத்துக்கு ஒரு சிலிண்டர் வைத்திருந்தார்கள். மாதம் இரண்டு தடவை வந்து அதைச் சோதித்துவிட்டுப் போவார். அப்பாவின் முன் தலைகுனிந்து நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஜெராக்ஸைத் தனியாகக் கூப்பிட்டுப் பின்கட்டுக் கதவருகே நின்று, தொண்டையைச் செருமினார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கேக்கக் கூடாதுதான். மனசு கேக்கல. அந்த ஆளு எறங்குனாரா?”

“உங்களுக்கும் சொன்னாரா?”

“முந்தாநாள் வந்தேன்ல, அப்ப சொன்னாரு.”

“எங்க நிறுத்துனாரு? எனக்கு ‘ஒருத்தர் எறங்கல’யோட நிக்குது.”

“அப்ப எனக்கு மேல கொஞ்சம் இருக்கு” என்றார் சிலிண்டர்க்காரர், சற்றுப் பெருமையாகவே. “உள்ள எட்டிப் பாத்தாராம். பின் சீட்டுல ஒரு பெரியவரு, கழுத்து வரைக்கும் போர்வை போத்திப் படுத்திருக்காரு. ‘பெரியவரே, கொஞ்சம் எறங்குங்க, ஜாக்கி போடணும்’னாராம். அசையல. சத்தமா சொல்லிருக்காரு. அசையல. இவரு வெளிய வந்து அந்தக் குடும்பத்துக்கிட்டயே, ‘உங்காளு குடுத்து வெச்சவருங்க, என்னா தூக்கம்! அவருகூட எறங்குனா வண்டி சட்டுனு தூக்கிரும்’னாராம். ஒருத்தரும் வாயத் தெறக்கலையாம்.”

“ஐயோ” என்றாள் ஜெராக்ஸ். “அந்தப் பெரியவர்...”

“எனக்கும் அதாம்மா தோணுது. ஆஸ்பத்திரியிலருந்து வீட்டுக்குக் கொண்டு போயிருக்காங்க. ஆனா அப்புறம் என்ன ஆச்சு? நானும் கேட்டேன். ‘உன் பங்கு முடிஞ்சுது. மிச்சம் என் பையன்கிட்ட’ன்னுட்டாரு. ரெண்டு நாளா மண்டை காயுது எனக்கு. வண்டி ஓட்டும்போதுகூட அதே நெனப்பு.”

சிலிண்டரைச் சுமந்துகொண்டு அவர் போன பிறகும் அவள் கதவருகேயே நின்றாள். அப்பாவின் களவாணித்தனம் இப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. மூச்சு போதாமல் கதையைத் துண்டு போட்டார் என்றல்லவா நினைத்திருந்தாள். துண்டு போட்டதென்னவோ மூச்சுக்காகத்தான். யாருக்கு எந்தத் துண்டு என்பதை உட்கார்ந்து யோசித்திருக்கிறார் மனுஷன். தலையை அவளிடம் கொடுத்து, வாலை ஜாக்கியிடம் கொடுத்துவிட்டு, நடுவில் மறந்துவிடாமல் இருக்க ஒரு சிலிண்டர்க்காரரையும் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

‘கேக்க மாட்டேன் போ’ என்று மனசுக்குள் சொன்னாள். ஒரு மணி வரைக்கும் கேட்கவில்லை. இரண்டு மணி வரைக்கும் கேட்கவில்லை. வந்தவர்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னதெல்லாம் காதில் விழுந்தும் விழாமலும் இருந்தன. வேனுக்குள் அந்தப் பெரியவர் படுத்தே கிடந்தார்.

இரண்டரை மணிக்கு ஜாக்கி பின்கட்டில், அதே படிக்கட்டில், தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். நாற்பது வயது ஆளுக்கு முதுகு அப்பாவுடையதைப் போலவே வளைந்திருந்தது. போய் எதிரே நின்றாள். அவன் நிமிர்ந்தான். எழுந்து போய்விடுவானோ என்று பயந்து, மூச்சை இழுத்துக் கேட்டுவிட்டாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

“அந்த ஆள் எறங்குனாரா?”

ஜாக்கியின் முகம் என்னவோ போல் ஆனது. முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“உங்கிட்ட எதுவரைக்கும் இருக்கு?”

“குடுத்து வெச்ச தூக்கம் வரைக்கும்.”

“உக்காரு.” நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள். “யாரும் பேசல. எல்லாரும் தரையப் பாக்குறாங்க. அப்பாவுக்கு வெலங்கல. ‘வீட்டுல யாராச்சும் சொல்லுங்க, நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு’ன்னு மறுபடியும் கேட்ருக்காரு. அந்த ஆறு பேர்ல ஒரு பொண்ணு. இருபது வயசு இருக்கும். அதோட அப்பாதான் அந்தப் பெரியவரு. காலையிலருந்து அழுது அழுது மூஞ்செல்லாம் வீங்கிக் கெடக்கு. அது சொல்லுச்சாம்...”

அவனுக்கு அங்கேயே சிரிப்பு முட்டியது. வாயைக் கையால் பொத்தினான்.

“சொல்லு!”

“‘எங்கப்பா உசுரோட இருக்கும்போதே யார் பேச்சும் கேக்க மாட்டாரு. செத்தப்புறம் நீங்க சொல்லியா எறங்கப் போறாரு?’”

ஜெராக்ஸின் வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ கிளம்பி வந்தது.

“அப்பா கையிலருந்து ஸ்பேனர் கீழ விழுந்திருச்சாம்” என்றான் ஜாக்கி, மூச்சு வாங்கியபடி. “அந்தப் பொண்ணு சொல்லிட்டு, தானே சிரிச்சிருச்சு. அதோட அம்மா சிரிச்சாங்க. சித்தப்பா ஒருத்தர் சிரிச்சாரு. நடுரோட்டுல ஆறு பேரும் சிரிக்கிறாங்க, அப்புறம் ஆறு பேரும் அழுவுறாங்க. அப்பா அந்தாளு உள்ள படுத்திருக்க, வண்டிய அலுங்காம தூக்கி, டயர மாத்திக் குடுத்தாராம். ஒரு வாரம் கழிச்சு அந்தப் பொண்ணு சைக்கிளைத் தள்ளிட்டு வந்துச்சாம். பஞ்சருன்னுச்சாம்.”

“பஞ்சரா?”

“தண்ணித் தொட்டியில ட்யூபை மூணு தடவ முக்கிப் பாத்தாராம். ஒரு குமிழி வரல.” ஜாக்கி வீட்டுப் பக்கம் தலையை ஆட்டினான். “நாப்பத்தொரு வருஷமா தடை எதுக்குன்னு நெனச்ச? சொந்த அப்பன் சாவுல சிரிச்சவள்னு வெளிய தெரியக் கூடாதாம் மேனேஜருக்கு.”

அவ்வளவுதான். ஜெராக்ஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். ஜாக்கி முழங்காலுக்கு நடுவில் தலையைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று அடக்க அடக்க, இன்னும் மோசமாகக் கிளம்பியது. அத்தை பதறிக்கொண்டு ஓடி வந்து, இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“அழுதுருங்க, அழுதுருங்க. அடக்கி வெக்கக் கூடாது. இப்பவாச்சும் ஒண்ணா உக்காந்து அழணும்னு தோணுச்சே, என் அண்ணன் மனசு குளுந்திருக்கும்” என்று முதுகைத் தடவினாள். தடவத் தடவ முதுகுகள் மேலும் குலுங்கின. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

சிரிப்பு ஓய்ந்தபோது ஜெராக்ஸின் கன்னம் உண்மையிலேயே நனைந்திருந்தது. காலையிலிருந்து வராத அழுகை எப்போது அதில் கலந்தது என்று தெரியவில்லை. ஜாக்கி சட்டைப்பையில் கைவிட்டான். அப்பாவைப் போலவே அவனும் ஊதுகிறவன்; சிகரெட்தான் வரும் என்று நினைத்தாள். அவன் எடுத்தது ஒரு சின்ன தகர டப்பா. திறந்து நீட்டினான். உள்ளே கிராம்பு. அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததிலிருந்து ஏதோ வாசனை வித்தியாசமாக இருந்தது அதனால்தான்.

“எப்பருந்து?”

“அன்னைக்குலருந்து” என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவள் ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். காரமாக இருந்தது. “நான் அன்னைக்கு அந்த வார்த்தை சொல்லிருக்கக் கூடாது.”

“நான் தீக்குச்சி கிழிச்சிருக்கக் கூடாது.”

அவனும் ஒரு கிராம்பை எடுத்துக் கடித்துக்கொண்டு டப்பாவை மூடினான்.

நான்கு மணிக்குச் சொன்னபடி சவ வண்டி வந்தது. அப்பாவைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அம்மா ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தை ஏறினாள். டிரைவர் கதவைச் சாத்தப் போனபோது, ஜாக்கி வண்டியைச் சுற்றி நடந்து ஒவ்வொரு டயரையும் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். யார் வீட்டு வண்டியானாலும் தட்டிப் பார்க்காமல் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் கிளம்ப விட்டதில்லை. பின்பக்கம் இடது டயரில் குனிந்து நின்றான். ஜெராக்ஸும் போய்க் குனிந்தாள். அவளுக்கும் கேட்டது. மெல்லிய ஸ்ஸ். டயரின் பள்ளத்தில் ஓர் ஆணித் தலை பளபளத்தது.

“பரவால்லண்ணே, அஞ்சு கிலோமீட்டர்தானே, தாங்கும்” என்றார் டிரைவர்.

“இந்த ஆளை வெச்சுக்கிட்டு சப்பை டயர்ல போறதா?” என்றாள் ஜெராக்ஸ். “எந்திரிச்சு உக்காந்து திட்டுவாரு. ஸ்டெப்னி எங்க இருக்கு?”

ஸ்டெப்னி இருந்தது. அதிலும் காற்று குறைவு. அவள் உள்ளே ஓடிப்போய், கட்டிலுக்கு அடியில் கிடந்த அப்பாவின் பழைய கால் பம்பைத் தூசி தட்டிக் கொண்டுவந்தாள். ஜாக்கி சட்டைக் கையை மடித்துவிட்டு ஜாக்கியோடு தரையில் மண்டியிட்டிருந்தான். வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. அவன் அங்கிருந்தபடியே தலையைத் தூக்கினான்.

“அம்மா, கொஞ்சம் எறங்கும்மா. ஜாக்கி போடணும்.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. வாய் திறந்தபடி நின்றுவிட்டது. ஜெராக்ஸ் பம்பைப் பிடித்த கையோடு அசையாமல் நின்றாள்.

அம்மா அவனைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். இருவரும் ஓர் இடத்தில், ஒரு டயரோடு நிற்பதைப் பார்த்தாள். மெதுவாகக் கம்பியைப் பிடித்து, ஒரு காலைக் கீழே வைத்து, மறு காலையும் வைத்து இறங்கினாள். தெருவில் இருபது நாற்காலிக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா திரும்பி வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“நான் எறங்கிட்டேன்” என்றாள். “அவரைக் கேட்டுப் பாரு.”

பின்னாலேயே இறங்கிய அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. ஜாக்கி ஸ்பேனரை நழுவவிட்டான். அது சாலையில் கணீரென்று விழுந்தது. அம்மா கதவில் சாய்ந்துகொண்டு, தோள் குலுங்க, இருபது வயதுப் பெண்ணைப் போலச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கதவருகிலேயே நின்று, பெட்ஷீட்டின் தொங்கிய ஓரத்தை உள்ளே செருகினாள்.

ஜாக்கி வண்டியை அலுங்காமல் தூக்கினான். ஜெராக்ஸ் ஸ்டெப்னியின் வால்வில் குழாயை மாட்டி, பம்பை மிதிக்கத் தொடங்கினாள். பத்து மிதியில் மூச்சு வாங்கியது. நின்று இடுப்பில் கை வைத்தாள்.

“ரெண்டு எண்ணி இழு” என்றான் ஜாக்கி, நட்டைக் கழற்றிக்கொண்டே. “நாலு எண்ணி விடு.”

அவள் இழுத்தாள். உதட்டைக் குவித்து மெதுவாக விட்டாள். அவன் எட்டிக் கையை நீட்டி, கட்டை விரலால் ஸ்டெப்னியை அமுக்கிப் பார்த்தான். அவளும் பக்கத்தில் அமுக்கிப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம்” என்றான்.

அவள் பம்பின்மேல் மறுபடியும் காலை வைத்தாள்.